ஒத்திகையில் விழும் ஹெலிகாப்டர்கள்

ஹெலிகாப்டர் நடுவானில் பறந்துகொண்டிருக்கிறது. திடீரென்று இன்ஜின் நின்றுவிட்டது. அடுத்து என்ன?

ஹாஸ்டலில் யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அவ்ளோதான், கல்லு மாதிரி விழும்." விமானத்துக்காவது பெரிய இறக்கை இருக்கு, மிதந்து வந்துடும்; ஹெலிகாப்டருக்கு என்ன இருக்கு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இன்ஜின் துளிகூட சக்தி தராத நிலையிலும் ஹெலிகாப்டரைப் பத்திரமாகத் தரையிறக்க முடியும். அதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எல்லோரும் இதைப் பழகியே ஆகவேண்டும்.

இங்கேதான் ஒரு விசித்திரம். இதைப் பழகும்போதே ஹெலிகாப்டர்கள் நொறுங்குகின்றன. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த, ஒரு கோளாறும் இல்லாத ஹெலிகாப்டர்கள், "இன்ஜின் நின்றதாக வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்த ஒத்திகையில் நிஜமாகவே விழுந்திருக்கின்றன. ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் பிசிக்ஸ் பார்க்கலாம். பிறகு 2016-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். எந்த பிராஞ்ச்சில் படித்தாலும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விபத்து அது.

இன்ஜின் இல்லாமல் எப்படிச் சுற்றும்?

திருவிழாவில் விற்கும் பனை ஓலைக் காற்றாடியை நினைத்துப் பாருங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தானாகச் சுற்றும். மோட்டார் கிடையாது. எதிர்க்காற்றே அதைச் சுற்றுகிறது. உங்கள் கேம்பஸில் மகோகனி மரம் இருந்தால் அதன் விதை விழுவதையும் கவனியுங்கள். ஒற்றை இறக்கையோடு பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே மெதுவாக இறங்கும். கல் போல விழாது.

ஆட்டோரொட்டேஷனும் இதேதான். சாதாரணமாகப் பறக்கும்போது இன்ஜின் ரோட்டாரைச் சுற்றுகிறது. ரோட்டார் காற்றை மேலிருந்து கீழே தள்ளுகிறது. இன்ஜின் நின்றதும் ஹெலிகாப்டர் கீழே இறங்க ஆரம்பிக்கும். இப்போது காற்று கீழிருந்து மேலாக ரோட்டார் வழியே பாய்கிறது. அந்தக் காற்றே ரோட்டாரைத் தொடர்ந்து சுற்றவைக்கும்.

நின்றுபோன இன்ஜின் ரோட்டாரையும் பிடித்து நிறுத்திவிடாதா என்று கேட்கலாம். அதற்குத்தான் நடுவில் ஒரு ஃப்ரீவீல் கிளட்ச் இருக்கிறது. சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது இல்லையா, அதே வேலைதான்.

ஏரோ மாணவர்களுக்குப் பிடித்த பகுதி இது: பிளேடின் எல்லா இடமும் ஒரே வேலை செய்வதில்லை. நேர்செங்குத்தாக இறங்கும் ஆட்டோரொட்டேஷனில், மையத்திலிருந்து சுமார் 25 சதவீத நீளம் வரை உள்ள பகுதி ஸ்டாலில் கிடக்கும். அதற்கு இழுவைதான், பயனில்லை. 25 முதல் 70 சதவீதம் வரை உள்ள நடுப்பகுதியில் லிஃப்ட் விசை சற்று முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிளேடைச் சுற்றவைப்பது இந்தப் பகுதிதான். அதற்கு வெளியே உள்ள நுனிப்பகுதி நிறைய லிஃப்ட் தரும், ஆனால் சுழற்சியைக் குறைக்கப் பார்க்கும். நடுப்பகுதி கொடுப்பதும் மற்ற இரண்டும் எடுப்பதும் சமமாகும்போது ரோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும்.

இந்தச் சமநிலை தானாக வராது. பிளேடுகளின் கோணத்தைப் பைலட் உடனே குறைக்க வேண்டும். இடது கையில் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோல் எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக ஏற்றி இறக்கும். இன்ஜின் நின்ற கணத்தில் அதைக் கீழே இறக்க வேண்டும். தாமதித்தால் பிளேடுகள் அதே பெரிய கோணத்தில் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். சுழற்சி மளமளவென்று விழும். ராபின்சன் ஆர்22 போன்ற சின்ன ஹெலிகாப்டரில் பிளேடுகள் எடை குறைந்தவை. அதனால் அவகாசம் ஒன்றிரண்டு நொடிதான்.

சேமிப்புக் கணக்கு

ஆட்டோரொட்டேஷனை ஒரு பேங்க் அக்கவுண்ட் மாதிரி பார்த்தால் எளிதில் புரியும். இன்ஜின் என்ற சம்பளம் நின்றுவிட்டது. இனி கையிருப்பை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். அந்தக் கையிருப்பு மூன்று இடத்தில் இருக்கிறது: உயரம், முன்னோக்கிய வேகம், ரோட்டாரின் சுழற்சி.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். 600 கிலோ எடையுள்ள ஹெலிகாப்டர், 150 மீட்டர் உயரம், விநாடிக்கு 31 மீட்டர் வேகம் (சுமார் 60 நாட்). உயரத்தால் வரும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோஜூல். வேகத்தால் வருவது ஏறத்தாழ 290 கிலோஜூல். ஆட்டோரொட்டேஷனில் விநாடிக்கு 8 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் தரையைத் தொட 19 நொடி. அந்த 8 மீட்டர் வேகத்திலேயே தரையில் மோதினால்? சுமார் 3.3 மீட்டர் உயரத்திலிருந்து பொத்தென்று போட்டதற்குச் சமம். முதல் மாடி பால்கனியிலிருந்து ஹெலிகாப்டரைத் தூக்கிப் போடுவது போல.

அதனால் கடைசிக் கட்டத்தில் இறங்கும் வேகத்தைக் கொன்றாக வேண்டும். முதலில் ஃப்ளேர். தரைக்கு மேலே சுமார் 40 அடியில் பைலட் மூக்கை உயர்த்துவார். முன்னோக்கிய வேகம் குறையும், இறங்கும் வேகமும் குறையும், ரோட்டார் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதாவது இரண்டாவது அக்கவுண்ட்டிலிருந்து எடுத்து மூன்றாவதில் போடுகிறார். பிறகு சுமார் 8 அடியில் ஹெலிகாப்டரை மட்டப்படுத்தி, கலெக்டிவை மேலே இழுப்பார். ரோட்டாரில் மிச்சமிருக்கும் சுழற்சி ஆற்றல் முழுவதும் ஒரே தடவையில் லிஃப்ட்டாக மாறி, ஹெலிகாப்டர் மெத்தென்று உட்காரும். இந்தக் காசு ஒரே முறைதான். சீக்கிரமே இழுத்துவிட்டால் பத்துப் பதினைந்து அடி உயரத்தில் ரோட்டார் ஓய்ந்துபோகும். பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

சுழற்சி வேகம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. சுழற்சி ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் 90 சதவீதமானால் ஆற்றல் 81 சதவீதம். 80 சதவீதமானால் 64 சதவீதம்தான். பார்க்க 20 சதவீத இழப்பு. உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. ரோட்டார் வேகம் குறையக் குறைய பிளேடுகள் மேல்நோக்கி வளையும், கடைசியில் ஸ்டால் ஆகும். முழுசாக ஸ்டால் ஆன ரோட்டாரை நடுவானில் மீட்க வழியே இல்லை.

இது நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். மிகப் பெரிய சாட்சி 1972 ஜூன் 21 அன்று கிடைத்தது. பிரெஞ்சு சோதனை விமானி ழான் பூலே, லாமா என்ற ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை செய்தார். எவரெஸ்ட்டைவிட மூன்றரை கிலோமீட்டர் அதிகம். இறங்க ஆரம்பித்து சக்தியைக் குறைத்தபோது இன்ஜின் அணைந்துவிட்டது, மறுபடி பற்றவில்லை. அங்கிருந்து தரை வரை முழுக்க ஆட்டோரொட்டேஷனிலேயே வந்து பத்திரமாக இறங்கினார். அந்த லாமாவைத்தான் ஹெச்.ஏ.எல். நிறுவனம் இந்தியாவில் 'சீத்தா' என்ற பெயரில் தயாரித்தது. சியாச்சினுக்கு நம் ராணுவத்தினரையும் பொருட்களையும் கொண்டுபோன அதே ஹெலிகாப்டர்.

தோற்றுப்போன உதாரணமும் உண்டு. 2013 நவம்பர் 29 இரவு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு போலீஸ் ஹெலிகாப்டரின் இரண்டு இன்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. மெயின் டேங்கில் எரிபொருள் இருந்தது. அதை இன்ஜின்களுக்கு ஊட்டும் சின்ன டேங்குகளுக்கு அனுப்பும் பம்புகள் ஆஃப் ஆகியிருந்தன. இருட்டு, கீழே நகரம், உயரமும் குறைவு. ஆட்டோரொட்டேஷன் கைகூடவில்லை. ஹெலிகாப்டர் ஆட்கள் நிறைந்திருந்த ஒரு மதுக்கூடத்தின் கூரை மேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் இருந்த 3 பேரோடு சேர்த்து 10 பேர் இறந்தார்கள்.

ஒரே டெக்னிக், இரண்டு முடிவுகள். பூலேவுக்கு 12 கிலோமீட்டர் உயரமும் பகல் வெளிச்சமும் இருந்தன. கிளாஸ்கோ பைலட்டுக்கு இருந்தவை சில நொடிகள். சில நொடிகளில் யோசித்துச் செய்ய முடியாது, கை தானாகப் போக வேண்டும். அப்படியென்றால் பழகித்தான் ஆகவேண்டும்.

பழகும்போது எங்கே சறுக்குகிறது?

பயிற்சியில் வழக்கமாக நடப்பது இதுதான். இன்ஸ்ட்ரக்டர் த்ராட்டிலைக் குறைத்து ஐடிலுக்குக் கொண்டுவருவார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ரோட்டாருக்குச் சக்தி போகாது. மாணவர் கலெக்டிவை இறக்கி, வேகத்தைச் சரியாக வைத்து, இறங்கி, ஃப்ளேர் செய்வார். தரைக்குச் சில அடி மேலே த்ராட்டிலைத் திரும்பத் திறந்து, தொடாமலே ஹோவரில் நிறுத்துவார்கள். இதற்கு பவர் ரெக்கவரி என்று பெயர். முழுசாகத் தரையைத் தொட்டு முடிப்பதும் உண்டு. அதில் ரிஸ்க் அதிகம் என்பதால் பல இடங்களில் பவர் ரெக்கவரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. சறுக்கும் இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, இன்ஜினை ஐடிலுக்குக் கொண்டுவரும்போது அது நிஜமாகவே நின்றுவிடலாம். கார்புரேட்டர் உள்ள பிஸ்டன் இன்ஜின்களில், அதுவும் ஈரக்காற்றில், இதற்கு வாய்ப்பு உண்டு. அந்தக் கணத்தில் ஒத்திகை முடிந்து நிஜம் ஆரம்பிக்கிறது. கீழே நல்ல மைதானம் இருந்தால் தப்பித்தோம்.

இரண்டு, சக்தி திரும்பி வர நேரம் எடுக்கும். டர்பைன் இன்ஜின் ஐடிலிலிருந்து முழு சக்திக்கு வர சில நொடிகள் ஆகலாம். ஃப்ளேர் ஆரம்பிக்கும் 40 அடி என்பது 12 மீட்டர். விநாடிக்கு 8 மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஃப்ளேரைத் தவறவிட்டால் கையில் இருப்பது ஒன்றரை நொடி. "ஐயோ" என்று சொல்லவே அது சரியாக இருக்கும்.

மூன்று, முறுக்குவிசை. இன்ஜின் ரோட்டாரை ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைச் சமாளிக்கத்தான் வால் ரோட்டார். ஆட்டோரொட்டேஷனில் அந்த முறுக்கு கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பவர் ரெக்கவரியில் சட்டென்று திரும்பி வரும். கால் பெடலை அதே வேகத்தில் மாற்றாவிட்டால் மூக்கு பக்கவாட்டில் திரும்பும். அந்த நிலையில் தரையைத் தொட்டால் ஸ்கிட் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டர் புரண்டுவிடும். இன்ஜின் நிஜமாகவே நின்றிருந்தால் இந்த முறுக்கே வந்திருக்காது. அதாவது இது ஒத்திகையில் மட்டும் இருக்கும் ஆபத்து.

நான்கு, இரண்டு மனிதர்கள். மாணவர் எவ்வளவு நேரம் தவறு செய்யலாம் என்று இன்ஸ்ட்ரக்டர் காத்திருப்பார். உடனே கைவைத்தால் மாணவர் கற்றுக்கொள்ள மாட்டார். ஒரு நொடி கூடுதலாகக் காத்திருந்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். பயிற்சி விபத்துகளில் இது பழைய கதை: மாணவர் சொதப்புவதைவிட, இன்ஸ்ட்ரக்டர் தாமதமாகத் தலையிட்டது.

வெளியேறும் கதவு

இதற்குப் பைலட் சமூகம் கண்டுபிடித்த மருந்து மிகவும் எளிமையானது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஆட்டோரொட்டேஷன் பயிற்சிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதன் சாரம்: தரைக்கு மேலே 200 அடியைக் கடப்பதற்கு முன் சில விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ரோட்டார் வேகம் வரம்புக்குள் இருக்கிறதா? முன்னோக்கிய வேகம் சரியா? இறங்கும் வேகம் வழக்கமான அளவா? திருப்பம் முடிந்து நேராக இருக்கிறோமா? ஒன்று இல்லையென்றாலும் பயிற்சி ரத்து. த்ராட்டிலைத் திற, மேலே போ, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள், அந்த 200 அடியில் "சரி பண்ணிப் பார்க்கலாம்" என்ற மூன்றாவது ஆப்ஷன் கிடையாது. ஏனென்றால் சரிபண்ணத் தேவையான நேரமும் உயரமும் அதற்குக் கீழே இல்லை. இந்த முடிவு அந்த நொடியில் எடுக்கப்படுவதில்லை. தரையில் உட்கார்ந்து நிதானமாக முன்பே எடுத்தாகிவிட்டது. வானத்தில் அதை நிறைவேற்றுவது மட்டும்தான்.

சில ஆபத்துகளுக்கு இப்படி ஒரு கதவே வைக்க முடியாது. ராபின்சன் ஆர்22, ஆர்44 ஹெலிகாப்டர்களில் மூக்கை வேகமாகக் கீழே தள்ளி எடையற்ற நிலையை உண்டாக்கினால் ரோட்டார் மாஸ்ட்டில் மோதி அறுந்துவிடும் அபாயம் உண்டு. அதனால் அந்த மேனுவரே மேனுவலில் தடை செய்யப்பட்டிருக்கிறது. மாணவருக்குச் சொல்லித்தான் தருகிறார்கள், செய்துகாட்டுவதில்லை. 1995-ல் இந்த இரண்டு மாடல்களுக்கென்றே எஃப்.ஏ.ஏ. தனி விதி போட்டது. இவற்றை ஓட்டுபவர்கள் ரோட்டார் வேகக் குறைவு, ஆட்டோரொட்டேஷன் போன்றவற்றில் கூடுதல் பயிற்சி பெற்றே ஆகவேண்டும் என்றது.

ஆக, எதை ஒத்திகை பார்க்கலாம், எதைக் கூடாது என்பதற்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது: நடுவில் வெளியேற வழி இருக்கிறதா? இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போவோம்.

பெல் 525: 2016 ஜூலை 6

பெல் 525 ஒரு புதுமையான இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர். ஐந்து பிளேடு ரோட்டார். பைலட் கைப்பிடியை அசைத்தால் அது கம்பிகள், கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டாருக்குப் போகும், ஃப்ளை-பை-வயர் என்பார்கள். வணிகப் பயன்பாட்டு ஹெலிகாப்டர்களில் இதை முதன்முதலில் கொண்டுவரத் திட்டமிட்ட மாடல் இது. முதல் புரோட்டோடைப் 2015 ஜூலையில் பறந்தது.

ஒரு வருடம் கழித்து, 2016 ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு சோதனை விமானிகள் அதில் கிளம்பினார்கள். இது மாணவர் பயிற்சி இல்லை, சோதனைப் பறத்தல். அன்றைய வேலைகளில் ஒன்று, ஒரு இன்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் அதே சோதனை. கடைசியாக 185 நாட், அதாவது மணிக்கு சுமார் 343 கிலோமீட்டர்.

நிஜமாக இன்ஜினை அணைக்க மாட்டார்கள். ஒரு சாஃப்ட்வேர் மோடு இருந்தது. அதை ஆன் செய்தால் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து ஒரு இன்ஜினின் சக்தியை மட்டும் கொடுக்கும். தேவைப்பட்டால் மோடிலிருந்து வெளியே வந்து முழு சக்தியைத் திரும்பப் பெறலாம். யோசித்துப் பார்த்தால் மிக பத்திரமான ஒத்திகை.

மோடு ஆன் ஆனது. சக்தி குறைந்தது, ரோட்டார் வேகம் சுமார் 91 சதவீதத்துக்கு விழுந்தது. பைலட் கலெக்டிவைக் குறைத்தார். ஆட்டோரொட்டேஷனின் முதல் படியும் இதுதான் என்பது நினைவிருக்கும். ஆனால் ரோட்டார் வேகம் முழுசாக மீளவில்லை, அந்த அளவிலேயே தங்கிவிட்டது. அந்த நிலையில் ஹெலிகாப்டர் அதிர ஆரம்பித்தது. நொடிக்கு 6 முறை, 6 ஹெர்ட்ஸ். அதிர்வு வளர்ந்தது. ரோட்டார் வேகம் மேலும் விழுந்து சுமார் 80 சதவீதத்துக்கு வந்தது. பிளேடுகள் கட்டுப்பாடின்றி மேலும் கீழும் அடித்து வால்பகுதியை வெட்டின. ஹெலிகாப்டர் வானிலேயே சிதறியது. இரண்டு பேரும் இறந்தார்கள். இரண்டு இன்ஜின்களும் நன்றாகத்தான் இருந்தன.

கை வழியாக வளர்ந்த அதிர்வு

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. இதை விசாரித்துக் கண்டுபிடித்தது, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் கேள்வியாகவே வரலாம். அதிர்வை வளர்த்தவை இரண்டு ஃபீட்பேக் வட்டங்கள்.

முதல் வட்டம் பைலட்டின் உடம்பு. ஹெலிகாப்டர் 6 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சீட் அதிர்கிறது. கை அதிர்கிறது. கை கலெக்டிவைப் பிடித்திருக்கிறது. எனவே கலெக்டிவும் அதே 6 ஹெர்ட்ஸில் மேலும் கீழும் ஆடுகிறது. கம்ப்யூட்டர் அதைப் பைலட்டின் கட்டளை என்று எடுத்துக்கொண்டு பிளேடு கோணத்தை மாற்றுகிறது. அது அதிர்வை இன்னும் ஏற்றுகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டும்போது உங்கள் கையே ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கி விடுவதை உணர்ந்திருப்பீர்கள். அதேதான், மிகக் கொடூரமான அளவில்.

இரண்டாவது வட்டம் சென்சார். ஹெலிகாப்டரின் சாய்வையும் திசையையும் அளக்கும் கருவி, இந்த அதிர்வையும் உண்மையான அசைவாக எண்ணியது. கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்ய ரோட்டாருக்குக் கட்டளை அனுப்பியது. அந்தக் கட்டளையும் அதிர்வோடு சேர்ந்துகொண்டது.

ஆம்பிளிஃபையர் முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் "கீய்ய்ய்" என்று கத்துமே, அது ஒரு வட்டம். இங்கே ஒரே நேரத்தில் இரண்டு. டிசைன் செய்யும்போது இந்த 6 ஹெர்ட்ஸ் அதிர்வை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் கன்ட்ரோல் சாஃப்ட்வேரில் அதைத் தடுக்கும் ஏற்பாடும் இல்லை. பிற்பாடு பெல் நிறுவனம் கலெக்டிவ் சிக்னலுக்கும் சென்சார் சிக்னலுக்கும் இந்த அதிர்வெண்ணை வடிகட்டும் ஃபில்டர்களை உருவாக்கியது. 2017 ஜூலையில் 525 மீண்டும் பறக்கத் தொடங்கியது.

ஆனால் என்.டி.எஸ்.பி. அதோடு நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னது. எனக்கு இவைதான் அதிகம் முக்கியமாகப் படுகின்றன.

ஒன்று: சோதனைக்காக மாற்றியமைக்கப்பட்ட அந்த ஒற்றை இன்ஜின் மோடில், ரோட்டார் வேகம் ஆபத்தான அளவுக்குக் கீழே போனால் தானாக மோடை விட்டு வெளியேறி முழு சக்தியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. இரண்டு: ரோட்டார் வேகம் குறைந்துவிட்டது என்று பைலட்டுக்குச் சந்தேகமின்றிப் புரியவைக்கும் தெளிவான எச்சரிக்கை இல்லை.

200 அடி விதியை இப்போது இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சிப் பள்ளியில் ஒரு சாதாரண மாணவருக்குக் கொடுக்கப்படும் வெளியேறும் கதவு, பல வருட அனுபவமுள்ள சோதனை விமானிகளின் ஒத்திகையில் தானியங்கியாக இல்லை. கதவு இருந்தது, அதைத் திறக்கும் பொறுப்பு முழுக்க மனிதர் கையில் விடப்பட்டிருந்தது. உடம்பு முழுக்க நடுங்கும் அதிர்வில், டிஸ்ப்ளேவை வாசிக்கவே கஷ்டப்படும் நிலையில், அந்த மனிதர் என்ன செய்ய முடியும்? வானம் இருந்தது, உயரம் இருந்தது, இரண்டு ஆரோக்கியமான இன்ஜின்கள் இருந்தன. ஒத்திகையை நிறுத்தும் கட்டளை மட்டும் வரவில்லை.

நம் லேபுக்கு என்ன?

"நாம என்ன ஹெலிகாப்டரா கட்டப்போறோம்?" என்று கேட்கலாம். சரி, டிரோன் கட்டுகிறீர்கள்தானே? முதலில் ஒன்று: சாதாரண குவாட்காப்டரால் ஆட்டோரொட்டேஷன் செய்ய முடியாது. அதன் பிளேடு கோணம் மாறாதது, புரொப்பெல்லர் சின்னது, சுழற்சியில் சேமிப்பும் கிடையாது. பேட்டரி போனால் உண்மையிலேயே கல்லுதான். அதனால் டெஸ்ட் ஃப்ளைட்டில் ஆட்கள் தலைக்கு மேல் ஓட்டாதீர்கள்.

அடுத்தது எந்த பிராஞ்ச்சுக்கும் பொருந்தும். ஃபெயிலியரைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கும் எந்தச் சோதனைக்கும் முன் நான்கு கேள்விகளைப் பேப்பரில் எழுதிவையுங்கள். ஒரு மோட்டாரை வேண்டுமென்றே ஆஃப் செய்வதாக இருக்கலாம், பாய்லரில் வால்வை மூடிப் பார்ப்பதாக இருக்கலாம், சர்வரைக் கொன்றுவிட்டு பேக்கப் வேலை செய்கிறதா என்று பார்ப்பதாக இருக்கலாம்.

எந்த ஒரு எண்ணைக் கவனிக்கப் போகிறோம்? ஹெலிகாப்டருக்கு அது ரோட்டார் வேகம். உங்கள் சோதனைக்கு வெப்பநிலையாகவோ, மின்னோட்டமாகவோ இருக்கலாம்.

அந்த எண் எவ்வளவு ஆனால் நிறுத்துவோம்? சோதனை ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் யோசித்தால் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றுதான் மனம் சொல்லும்.

நிறுத்துவது யார்? மனிதர் என்றால், அந்த நேரத்தில் அவரால் பார்க்கவும் கேட்கவும் கை நீட்டவும் முடியுமா? முடியாது என்றால் அதை மெஷினிடம் கொடுங்கள்.

நிறுத்திய பிறகு பத்திரமான நிலைக்கு வர எவ்வளவு நேரம்? டர்பைன் இன்ஜினுக்குச் சில நொடிகள் என்றால், உங்கள் நிறுத்தும் எல்லை அந்தச் சில நொடிகளுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

உலகில் தினமும் எத்தனையோ இன்ஸ்ட்ரக்டர்கள் த்ராட்டிலைக் குறைத்து, மாணவர்களோடு ஹெலிகாப்டரைக் கீழே விட்டு, மீண்டும் மேலே கொண்டுபோகிறார்கள். அதில் பெரும்பாலானவை நல்லபடியாகவே முடிகின்றன. 200 அடியில் "இது சரியில்லை, மேலே போவோம்" என்று யாரோ ஒருவர் சலிக்காமல் சொல்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அடுத்த முறை லேபில் உங்கள் டீம்மேட் "நிறுத்துடா, ரீடிங் எகிறுது" என்று சொன்னால், முதலில் நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.